அடிமை தேடிய சொற்செல்வம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குக் கரையை அடுத்து மேரிலாண்டு என்னும் மாநிலம் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கோதுமையும் சோளமும் புகையிலையும் விளையும் பெரும் பண்ணைகள் பல இருந்தன. அப்பண்ணைகளில் உழைத்தவர்களுட் பலர் கூலி பெறும் தொழிலாளர் அல்லர், அடிமைகள். ஆப்பிரிக்காவினின்றும் கப்பல்களிற் கொண்டுவந்து விற்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பண்ணைக்கு உடையவர் இறந்தால், அவருடைய சொத்தை மதிப்பிட வந்தவர்கள் குதிரை, ஆடு, பன்றி ஆகியவற்றோடு இம்மக்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி விலை மதித்தார்கள்.

அம்மாநிலத்து டால்பட்டு வட்டத்தில் 1818ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஓர் அடிமைத் தாயின் வயிற்றில் ஆண் குழந்தை ஒன்று பிறந்தது. பிரெடெரிக் பெய்லி என்று அதனை அழைத்தனர். பிற்காலத்தில் பிரெடெரிக் டக்ளஸ் என்னும் பெயரால் உலகறிந்த பெரும் பேச்சாளராக விளங்கியவர் அக்குழந்தையே. தாம் பிறந்த நாள் எது என்பதை அவர் தம் வாழ்நாள் முழுவதும் அறிந்திலர். அடிமைக் குழந்தைகளின் பிறப்பை, விதைப்புக் காலம், அறுவடைக் காலம் என்று பருவத்தாற் குறிப்பதே அங்கு வழக்கமாக இருந்தது.

தாய் ஹாரியட் பன்னிரண்டு கல் தொலைவில் இருந்த வேறொரு பண்ணையில் வயல்வேலை செய்து வந்தார். பகலெல்லாம் உழைத்தபின் இரவில் அவ்வளவு தொலைவும் நடந்துவந்து, மகனை அணைத்துப் படுத்து உறங்கச் செய்து, அவன் விழிக்குமுன் எழுந்து போய்விடுவார். அவ்வாறு அவர் வந்த இரவுகள் மிகச் சிலவே. மகனுக்கு ஏழு வயது ஆகும் காலத்தில் அவர் இறந்துபோனார். அத்தாய் எழுத்தறிந்தவர் என்னும் செய்தி பல ஆண்டுகள் கழித்தே டக்ளசுக்குத் தெரிய வந்தது. அவ்வட்டாரத்து அடிமைகளுள் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்று கூறினார்களாம். வயல்வேலை செய்த ஓர் அடிமைப்பெண் அதனை எங்கே, யாரிடம், எப்படிக் கற்றார்? அதனை அறிய வழியில்லாது போயிற்று. தமக்கு வாய்த்த எழுத்தார்வம் தம் தாய் விட்டுச்சென்ற செல்வம் என்று மட்டும் டக்ளஸ் பெருமையுடன் எழுதிவைத்தார்.

பாட்டியின் குடிசையிற் சில ஆண்டுகளும், பெரிய பண்ணையிற் சில காலமுமாக அவருடைய இளமை கழிந்தது. முழங்கால் அளவு நீண்ட முரட்டுத்துணிச் சட்டை ஒன்றே உடை. தொட்டியிற் கொட்டிய சோளக் கூழே உணவு. எட்டு வயதளவில், 1826ஆம் ஆண்டில், அவர் வாழ்வில் ஒரு மாறுதல் நேர்ந்தது. பால்டிமோர் என்னும் துறைமுக நகரில் வாழ்ந்த ஹியூ ஆல்டு என்பவரின் வீட்டுக்கு அவர் அனுப்பப்பட்டார். அவ்வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவருக்கு இட்ட வேலை.

வீட்டுத் தலைவி சோபியா அதற்குமுன் அடிமைகளை வைத்து ஆண்டவர் அல்லர். தறி நெய்து தம் உழைப்பால் வாழ்ந்தவர். ஆதலின், அடிமையிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை அவர் இன்னும் கற்றிலர். சிறுவனையும் ஒரு மனிதக் குழந்தையாகவே நடத்தினார். அவர் நாள்தோறும் விவிலியத்தை வாய்விட்டுப் படிப்பது வழக்கம். அச்சிட்ட தாளிலிருந்து சொற்கள் எழுந்து வருவதைக் கேட்ட சிறுவனுக்கு வியப்புத் தாங்கவில்லை. தனக்கும் அதனைச் சொல்லித் தரவேண்டும் என்று அச்சமின்றிக் கேட்டான். அவர் உடனே இசைந்தார். சில கிழமைகளிற் சிறுவன் எழுத்துகளையெல்லாம் அறிந்து, மூன்று நான்கு எழுத்துகளால் ஆன சிறு சொற்களைக் கூட்டிப் படிக்கத் தொடங்கினான். மாணவனின் விரைவைக் கண்டு மகிழ்ந்த அம்மையார் அதனைத் தம் கணவரிடம் கூறினார்.

ஹியூ ஆல்டு திடுக்கிட்டார். பாடத்தை அன்றே நிறுத்தச் சொன்னார். சிறுவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அதற்குக் காரணமும் விளக்கினார். படிப்பு, உலகத்திற் சிறந்த அடிமையையும் கெடுத்துவிடும். எழுத்தறிந்தவன் என்றைக்கும் அடிமையாய் இருக்கத் தகுதியற்றவன் ஆவான். அவனை வைத்து ஆளவும் முடியாது. அவனுக்கும் நிறைவு இராது. இவையே அவர் கூறியவற்றின் சாரம். இது தனி ஒருவரின் அச்சம் அன்று. தென்பகுதி மாநிலங்கள் சிலவற்றில், அடிமைகளுக்கு எழுத்துக் கற்பித்தலைக் குற்றமாக்கும் சட்டங்களே இருந்தன.

ஆனால், அவர் கூறியது தம் மனைவியின் மனத்தில் தைத்ததைவிட ஆழமாக அச்சிறுவன் மனத்தில் தைத்தது. வெள்ளையர் சிலர் கறுப்பின மக்கள் பலரை எவ்வாறு அடக்கி ஆளமுடிகிறது என்பது அவனுக்கு அதுவரை புரியாத புதிராக இருந்தது. அதற்கு விடை அன்று கிடைத்தது. தன் எசமானர் எதனை அவ்வளவு அஞ்சினாரோ, அதனையே தான் தேடவேண்டும் என்று அவன் துணிந்தான். தன் கல்விக்கு அம்மையாரின் அன்புக்கு எவ்வளவு கடன்பட்டானோ, எசமானரின் எதிர்ப்புக்கும் அவ்வளவு கடன்பட்டவன் என்று அவன் பின்னாளில் எழுதினான். அம்மையாரோ மெல்ல மெல்ல மாறினார். சிறுவன் கையிற் செய்தித்தாளைக் கண்டால் பாய்ந்து பறிக்கும் அளவுக்குக் கடுமை கொண்டார். அடிமைமுறை அடிமையை மட்டும் கெடுப்பதில்லை என்பதற்கு டக்ளஸ் இவரையே சான்று காட்டுவார்.

இனி ஆசிரியர் யார்? தெருவிலே விளையாடிய வெள்ளைச் சிறுவர்கள். வெப்ஸ்டர் என்பார் இயற்றிய எழுத்துக்கூட்டுப் பாடநூல் ஒன்று சிறுவனிடம் இருந்தது. ஏவிய வேலையை விரைந்து முடித்தால் சிறிது பொழுது மிஞ்சும். வீட்டில் ரொட்டிக்குக் குறைவில்லை. ஆகவே, நூலைச் சட்டைப் பையிலும் ரொட்டித் துண்டைக் கையிலும் வைத்துக்கொண்டு அவன் தெருவுக்குச் செல்வான். அங்கே இருந்த ஏழைச் சிறுவர்கள் பசித்தவர்கள். ஆனால் பள்ளிக்கூடம் சென்றவர்கள். அவன் ரொட்டி கொடுப்பான். அவர்கள் ஒரு சொல்லைப் படித்துக் காட்டுவார்கள். சந்தையில் நடக்கும் எந்தப் பண்டமாற்றும் இதைவிட நேர்மையாக நடந்திராது. அச்சிறுவர்களின் பெயர்களைத் தம் நூலில் எழுத டக்ளஸ் விரும்பினார், எழுதவில்லை. ஓர் அடிமைக்குப் படிக்கக் கற்பித்தது, அவர்கள் வளர்ந்தபின்னும் அவர்களுக்குப் பழியாய் முடியக்கூடும் என்று அஞ்சி விட்டுவிட்டார்.

தெருவின் சாக்கடையிற் கிழிந்து கிடந்த விவிலியத் தாள்களை அவன் பொறுக்கி எடுத்துக் கழுவி உலர்த்தி வைத்துக்கொண்டதும் உண்டு. லாசன் என்னும் முதியவர் ஒருவர், அவரும் கறுப்பினத்தவர், சிறுவனிடம் மிக்க அன்பு காட்டினார். அவருக்குச் சிறிதளவே படிக்கத் தெரியும். கடிய சொற்கள் வந்தால் தடுமாறுவார். சொற்களைச் சிறுவன் அவருக்குச் சொல்லித் தருவான்; சொற்களின் உட்பொருளை அவர் சிறுவனுக்கு விளக்குவார்.

எழுதக் கற்ற முறை இன்னும் புதுமையானது. ஆல்டு வேலைபார்த்த கப்பல் கட்டும் துறைக்குச் சிறுவன் அடிக்கடி சென்றுவருவான். அங்கே தச்சர்கள் ஒரு பலகையைச் செதுக்கி முடித்ததும், அது கப்பலின் எப்பகுதிக்கு உரியது என்பதைக் குறிக்க அதன்மேல் ஓர் எழுத்தைப் பொறிப்பார்கள். இடப்புறப் பலகைக்கு 'எல்', வலப்புறப் பலகைக்கு 'எஸ்', முன்புறத்துக்கு 'எப்', பின்புறத்துக்கு 'ஏ'. தச்சர்கள் உணவு உண்ணச் சென்ற வேளையில் அவன் அவ்வெழுத்துகளைப் பார்த்து எழுதிப் பழகினான். நான்கு எழுத்துகள் கைவந்தபின், தெருச் சிறுவர்களிடம் சென்று உங்களைப்போல் எனக்கும் எழுதத் தெரியும் என்று வீம்பு பேசுவான். அவர்கள் நம்பமாட்டார்கள். அவன் தனக்குத் தெரிந்த எழுத்தை எழுதிக் காட்டி, இதைவிட நன்றாக எழுதுக பார்ப்போம் என்பான். அவர்கள் உடனே தமக்குத் தெரிந்தவற்றையெல்லாம் எழுதிக் காட்டுவார்கள். அவ்வளவும் அவனுக்குப் பாடம். வேலியும் செங்கற் சுவரும் நடைபாதையுமே அவனுடைய ஏடு, சுண்ணக்கட்டியே எழுதுகோல். வீட்டுக் குழந்தை வளர்ந்து பள்ளிக்குச் சென்று எழுதி முடித்த பழைய ஏடுகளில், வரிகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில், யாரும் வீட்டில் இல்லாத பொழுது அவன் எழுதிப் பழகினான். இவ்வாறு எழுத்து முழுதும் வசப்பட ஆண்டுகள் பல ஆயின.

பன்னிரண்டு பதின்மூன்று வயதில், காலணிகளுக்கு மையிட்டுச் சேர்த்த காசிலிருந்து ஐம்பது சென்ட் கொடுத்து அவன் ஒரு நூல் வாங்கினான். 'கொலம்பியன் ஆரேட்டர்' என்பது அதன் பெயர். கேலப் பிங்கம் என்னும் ஆசிரியர் தொகுத்து 1797இல் வெளியிட்ட அந்நூல் அக்காலத்துப் பள்ளிகளிற் பெரிதும் வழங்கியது. புகழ்பெற்ற சொற்பொழிவுகள், உரையாடல்கள், மேடையில் எவ்வாறு பேசுவது என்பதற்கான குறிப்புகள் ஆகியன அதில் நிறைந்திருந்தன. பிற சிறுவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன அப்பக்கங்களை அவன் மீண்டும் மீண்டும் படித்தான்.

அவற்றுள் ஓர் உரையாடல் அவனை ஈர்த்தது. இரண்டாம் முறை தப்பியோடிப் பிடிபட்ட அடிமை ஒருவனை அவன் எசமானர் நன்றிகெட்டவன் எனக் கடிந்துகொள்கிறார். அடிமைமுறை நல்லதே என்பதற்கு அவர் ஒவ்வொரு காரணமாக எடுத்துக்காட்ட, அடிமை ஒவ்வொன்றையும் அமைதியாக மறுக்கிறான். இறுதியில் எசமானர் மறுமொழி கூற இயலாமல் அவனை விடுதலை செய்கிறார். அடிமைமுறை தவறானது என்பதைச் சிறுவன் ஏற்கெனவே உணர்ந்திருந்தான். ஆனால் அவ்வுணர்வைச் சொல்லும் சொற்கள் அவனிடம் இல்லை. மனத்தில் மின்னலைப்போல் தோன்றி மறைந்த எண்ணங்களுக்கு இந்நூல் பெயர் கொடுத்தது. உரிமை, நீதி, ஒடுக்குமுறை, விடுதலை ஆகிய பெருஞ்சொற்களை அவன் இங்கேதான் கருத்தோடு பொருந்தக் கற்றான். சொற்களைப் பட்டியலாகப் படித்து நெட்டுருச் செய்வோர் பலர். அவன் வழி அதுவன்று. தனக்கு இன்றியமையாத ஒரு கருத்தை ஒருவர் வாதிட்டு நிலைநாட்டும் இடத்தில், அச்சொல் வேலை செய்வதைக் கண்டு கற்றான். அவ்வாறு கற்ற சொல் அவனைவிட்டு அகலவில்லை.

இக்காலத்தில், பெரியவர்கள் பேச்சில் ஒரு சொல் அடிக்கடி அவன் செவியிற் பட்டது. 'அபாலிஷன்' என்பது அச்சொல். ஓர் அடிமை தப்பியோடினாலும், எசமானரைத் தாக்கினாலும், களஞ்சியத்துக்குத் தீ வைத்தாலும், அஃது அபாலிஷனின் விளைவே என்று சினத்தோடு பேசிக்கொண்டார்கள். அச்சொல்லின் பொருள் என்ன? யாரிடமாவது கேட்பதற்கு அவன் அஞ்சினான். அது தன் காதில் விழக்கூடாத சொல் என்பதுமட்டும் அவனுக்கு விளங்கிற்று. அகராதியைப் புரட்டினான். 'அபாலிஷ்' செய்யும் செயலே 'அபாலிஷன்' என்று அதில் இருந்தது! அகராதி பார்க்கும் மாணவர் ஒவ்வொருவரும் இத்தகைய ஏமாற்றத்தை ஒருமுறையேனும் அடைந்திருப்பர். ஒழித்தல் என்பது புரிந்தது. எதனை ஒழித்தல் என்பது புரியவில்லை. அதற்கன்றோ அவன் உயிர் தவித்தது!

அவன் பொறுமையாகக் காத்திருந்தான். ஒருநாள் பால்டிமோர்ச் செய்தித்தாள் ஒன்று கைக்குக் கிடைத்தது. தலைநகரான வாஷிங்டன் அமைந்துள்ள கொலம்பியா மாவட்டத்தில் அடிமைமுறையை ஒழிக்கவேண்டும் என்று வடமாநில மக்கள் நாட்டின் பேரவைக்கு விண்ணப்பங்கள் அனுப்பியுள்ளனர் என்னும் செய்தி அதில் இருந்தது. சொல்லும் பொருளும் ஒருங்கே விளங்கின. தன்னைப்போன்றோரின் நிலையை மாற்றப் பாடுபடுவோர் எங்கோ இருக்கிறார்கள் என்பதை அவன் அறிந்தது ஒரு சொல்லின் வாயிலாகவே.

ஆயினும், கல்வி அவனுக்கு உடனே இன்பம் தந்தது என்று எண்ணவேண்டா. எசமானர் சொன்னதில் ஒரு பாதி பலித்தது. தன் நிலையின் கொடுமையை அறியும் கண் திறந்ததே ஒழிய, அதனின்றும் வெளியேறும் வழி திறக்கவில்லை. எழுத்தறியாத தன் தோழர்களைப் பார்த்துப் பொறாமை கொண்ட நாள்களும் உண்டு என்று டக்ளஸ் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கல்வியைப் புகழும் நூல்கள் பெரும்பாலும் இப்பகுதியைச் சொல்லுவதில்லை.

1833இல் அவன் மீண்டும் நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டான். 1834ஆம் ஆண்டு முழுவதும், அடிமைகளை அடித்துப் பணியவைப்பதிற் பேர்பெற்ற கோவி என்பவனிடம் வேலை செய்ய நேர்ந்தது. சில திங்கள் சாட்டையடிபட்டு உள்ளம் சோர்ந்தபின், ஒருநாள் எதிர்த்து நின்று அவனோடு மல்லாடினான். அன்றுமுதல் கோவி அவனைத் தொடவில்லை. அடுத்த பண்ணையில், மற்ற அடிமைகளுக்கு ஞாயிறுதோறும் மறைவாக எழுத்துக் கற்பித்தான். நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் படித்த பள்ளி அது. 1836இல் தோழர் சிலரோடு தப்பியோடத் திட்டமிட்டபோது, விடுமுறை நாளில் வெளியே செல்ல எசமானர் இசைவளித்ததாகக் காட்டும் சீட்டுகளை அவனே எழுதினான். கப்பற் பலகையைப் பார்த்துக் கற்ற கை எழுதிய சீட்டுகள் அவை. யாரோ காட்டிக்கொடுத்தமையால் திட்டம் முறிந்தது. சீட்டு அகப்பட்டால் உயிருக்கே கேடு. ஆதலின் ஒருவர் தம் சீட்டை ரொட்டியோடு சேர்த்து மென்று விழுங்கினார்.

மீண்டும் பால்டிமோருக்கு அனுப்பப்பட்ட அவர், கப்பற் பலகைகளின் இடுக்குகளை நாரும் கீலும் கொண்டு அடைக்கும் தொழிலைக் கற்றார். அந்நகரிற் கறுப்பினத்தவர்களுள் அடிமையல்லாதாரும் பலர் இருந்தனர். அத்தொழிலாளர் சிலர் கூடிச் சொற்போர் நிகழ்த்தும் கழகம் ஒன்று நடத்திவந்தனர். அங்கே டக்ளசும் பேசிப் பழகினார். பின்னர் மனைவியாக வாய்த்த அன்னா முர்ரே என்னும் நல்லாளையும் இந்நகரிலேயே அறிந்துகொண்டார்.

1838ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், அன்னாவின் பொருளுதவியுடன், மாலுமியின் உடை அணிந்து, வேறொரு மாலுமியின் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு, அவர் வடக்கு நோக்கிச் செல்லும் புகைவண்டியில் ஏறினார். சான்றிதழில் எழுதப்பட்ட அங்க அடையாளங்கள் அவரோடு பொருந்தவில்லை. நடத்துநர் ஊன்றிப் பார்த்திருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். தாளின் தலைப்பில் இருந்த கழுகு முத்திரையைக் கண்டதோடு அவர் அமைந்தார். கப்பலைப்பற்றி யார் எது கேட்டாலும், முன்முனைமுதல் பின்முனைவரை உரிய சொற்களால் மாலுமியைப் போலவே விடையிறுக்கும் திறன் டக்ளசிடம் இருந்தது. கப்பல் துறையிற் சேர்த்த சொற்கள் அவருக்குத் துணிவு அளித்தன. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அவர் நியூயார்க்கு நகரை அடைந்தார். அன்னா பின்தொடர்ந்து வந்துசேர, செப்டம்பர் 15ஆம் நாள் அங்கே அவர்கள் மணம் நிகழ்ந்தது.

பிறகு நியூ பெட்போர்டு என்னும் ஊரிற் குடியேறினர். தேடிவருவோர் அறியாதபடி பெயரை மாற்றவேண்டியிருந்தது. ஆதரவு அளித்த நண்பர் நேதன் ஜான்சன், அப்போது ஸ்காட் என்னும் புலவரின் காவியம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் வரும் வீரன் ஒருவனின் பெயரையே சூட்டினார். பெய்லி டக்ளஸ் ஆனது இவ்வாறுதான். அவ்வூரில் அவர் விறகு அறுத்தார், கரி அள்ளினார், பித்தளை வார்க்கும் பட்டறையில் துருத்தி இழுத்தார். துருத்திக்கு அருகில் இருந்த தூணிற் செய்தித்தாளை ஆணியால் அறைந்து வைத்து, கை மேலும் கீழும் இயங்க, கண் வரிகளிற் படிந்திருக்கும். அடிமைமுறையை எதிர்த்து வில்லியம் லாயிடு காரிசன் நடத்திய 'லிபரேட்டர்' என்னும் இதழை அவர் கிழமைதோறும் வரியெண்ணிப் படித்தார்.

1841 ஆகஸ்டுத் திங்களில், நான்டக்கட் தீவில் நடந்த அடிமையொழிப்பு மாநாட்டில் அவரைப் பேசுமாறு அழைத்தனர். எழுந்து நின்றபோது உடல் நடுங்கியது; சொற்கள் தடுமாறின. ஆனால் அவர் பேசி முடித்தபோது அவையே எழுச்சி கொண்டது. சங்கத்தார் அவரைத் தம் பேச்சாளராக அமர்த்திக்கொண்டனர். ஊர்ஊராகச் சென்று தம் அடிமை வாழ்வை எடுத்துரைப்பது அவர் கடமை ஆயிற்று.

இங்கேதான் எதிர்பாராத ஓர் இடர் முளைத்தது. ஆண்டுகள் செல்லச்செல்ல அவர் மேலும் படித்தார், ஆழ்ந்து எண்ணினார், நடந்ததைச் சொல்வதோடு அமையாமல், அதன் அநீதியை வாதிட்டு நிறுவத் தொடங்கினார். அவருடைய நண்பர்களுக்கு இது கவலை அளித்தது. நிகழ்ச்சிகளை மட்டும் சொல்லுக, கொள்கை விளக்கத்தை எங்களிடம் விடுக என்றனர். பேச்சிற் பண்ணைக் கொச்சை சிறிது கலந்திருப்பதே நலம் என்றும் அறிவுறுத்தினர். அவர்கள் தீயவர் அல்லர், உலகம் அறிந்தவர்கள். அவர்கள் அஞ்சியது போலவே, இவ்வளவு திருந்திய ஆங்கிலம் பேசுபவர் ஒருநாளும் அடிமையாக இருந்திருக்க முடியாது, இவர் ஏமாற்றுக்காரர் என்று அவையினர் சிலர் பேசத் தலைப்பட்டனர். ரொட்டித் துண்டு கொடுத்துச் சேர்த்த சொற்களே அவருடைய உண்மைக்கு எதிர்ச்சான்று ஆயின!

அவருக்கு முன் இரு வழிகள் இருந்தன. தெரிந்த சொற்களைத் தெரியாதவைபோல் மறைத்துப் பேசலாம். அல்லது தம் பிறப்பிடம், எசமானர் பெயர், பழைய பெயர் ஆகிய அனைத்தையும் வெளியிட்டு உலகத்தின் ஐயத்தைத் தீர்க்கலாம். இரண்டாவது வழியில், எசமானர் அவரைச் சட்டப்படி பிடித்துச் செல்லக்கூடும். டக்ளஸ் இரண்டாவதையே தேர்ந்தார். 1845ஆம் ஆண்டு மே திங்களிற் பாஸ்டன் நகரில் அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. நூலின் பெயருக்குக் கீழே, அவராலேயே எழுதப்பட்டது என்னும் குறிப்பும் அச்சிடப்பட்டிருந்தது. அக்குறிப்பு அக்காலத்தில் எவ்வளவு துணிவானது என்பதை நாம் இப்போது எளிதில் உணரமாட்டோம்.

நூல் ஆயிரக்கணக்கில் விற்றது. மேரிலாண்டில் அவரை முன்பு அறிந்திருந்த வெள்ளையர் ஒருவர் அதனை மறுத்துச் செய்தித்தாளில் எழுதினார். பிரெடெரிக் பெய்லி என்னும் அடிமையைத் தமக்குத் தெரியும் என்றும், அவன் படிப்பில்லாதவன், இத்தகைய நூலை எழுதும் ஆற்றல் அவனுக்கு இல்லை என்றும் அவர் வாதிட்டார். டக்ளஸ் அவருக்கு நன்றி கூறி விடை எழுதினார். தாம் மேரிலாண்டில் அடிமையாக இருந்தவரே என்பதற்கு, வேண்டிய சான்றை எதிரியே அளித்துவிட்டார் அல்லரோ!

எனினும், அவர் அமெரிக்காவில் இருப்பது இடராயிற்று. 1845 ஆகஸ்டில் கப்பலேறி அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிற் சொற்பொழிவாற்றினார். அங்கிருந்த நண்பர்கள் 150 பவுன் திரட்டி, 1846ஆம் ஆண்டின் இறுதியில் அவரை ஆல்டு குடும்பத்தாரிடமிருந்து சட்டப்படி மீட்டனர். மனிதனை விலை கொடுத்து வாங்குவது கொள்கைக்கு மாறு என்று தோழர் சிலர் குறை கூறினர். அவ்வாறு குறை கூறியவர்கள் பிறவியிலேயே உரிமை பெற்றிருந்தவர்கள்.

தாயகம் திரும்பியவர் ராச்செஸ்டர் நகரில் 1847 டிசம்பர் 3ஆம் நாள் 'வடமீன்' என்று பொருள்படும் பெயருடன் ஓர் இதழைத் தொடங்கினார். தப்பியோடும் அடிமைகளுக்கு இரவில் திசை காட்டியது அவ்விண்மீனே. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒருவர் இதழ் நடத்துவதா என்று நண்பர்களே தடுத்துப் பார்த்தனர். பெயரும் வடிவும் மாறினாலும் 1863வரை அவருடைய இதழ்ப்பணி தொடர்ந்தது. அவ்வூரில் 1852 ஜூலை 5ஆம் நாள், நாட்டின் விடுதலை நாளைக் கொண்டாட அழைத்தோர் முன்னிலையில், அடிமைக்கு இந்நாளால் என்ன பயன் என்று வினவி அவர் ஆற்றிய உரை, ஆங்கிலச் சொற்பொழிவுகளுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது.

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. கறுப்பின மக்களும் படையிற் சேர்ந்து போரிட வேண்டும் என்று அவர் ஊர்ஊராய் முழங்கினார். தம் மைந்தருள் இருவரைப் படைக்கு அனுப்பினார். 1863இல் குடியரசுத் தலைவர் லிங்கனை நேரிற் கண்டு, கறுப்பினப் படைவீரருக்குச் சமமான ஊதியம் வேண்டி வாதாடினார். இதற்கிடையே, 1862 ஏப்ரலிற் கொலம்பியா மாவட்டத்தில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டிருந்தது. செய்தித்தாளில் அவர் சிறுவனாய்ப் படித்த விண்ணப்பம் முப்பது ஆண்டளவில் நிறைவேறியது. 1865 டிசம்பரில் நாடெங்கும் அது சட்டத்தால் ஒழிந்தது.

பிற்காலத்தில் அதே கொலம்பியா மாவட்டத்திலேயே அவர் குடியேறினார். 1877இல் அம்மாவட்டத்தின் மார்ஷல் என்னும் உயர்பதவியையும், 1881இல் அங்குள்ள நிலப்பத்திரங்களைப் பதிவு செய்யும் தலைமைப் பதவியையும் ஏற்றார். 1877இல் தம் பழைய எசமானர் தாமஸ் ஆல்டு நோயுற்றிருப்பதை அறிந்து காணச் சென்றார். படுக்கையிற் கிடந்த முதியவர் அவரைப் பதவிப் பெயரால் மரியாதையுடன் விளித்தார். தங்களுக்கு நான் முன்போலப் பிரெடெரிக்கே என்று டக்ளஸ் திருத்தினார். இருவர் கண்களிலும் நீர் வழிந்தது. அன்று தம் வயதை அறிய விரும்பி அவர் கேட்டபோதுதான், 1818 பிப்ரவரி என்று முதியவர் நினைவிலிருந்து கூறினார். அதுவரை தாம் ஓராண்டு மூத்தவர் என்றே டக்ளஸ் எண்ணியிருந்தார்.

குன்றின்மேல் அமைந்த அவருடைய இல்லத்தில் பெரிய நூலகம் ஒன்று இருந்தது. அவ்வில்லம் இன்று அமெரிக்க அரசால் நினைவிடமாகப் பாதுகாக்கப்படுகிறது. 1895 பிப்ரவரி 20ஆம் நாள் பகலில், பெண்களின் உரிமைக்காக நடந்த கூட்டம் ஒன்றில் அவர் கலந்துகொண்டார். மாலையில் வீடு திரும்பி, அங்கே யார் யார் என்னென்ன பேசினர் என்பதைத் தம் இரண்டாம் மனைவியார் ஹெலனுக்கு ஆர்வத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழே சாய்ந்து உயிர் நீத்தார்.